உப அந்தாட்டிக் தீவுகளுக்குக் கமராவோடு: எந்தக் கப்பல், எந்தக் கரை?

அந்தாட்டிக்காவுக்கு வடக்கே, அதைச் சூழ்ந்த குளிர்கடல்களில் கிடக்கும் உப அந்தாட்டிக் தீவுகளுக்கான பயணப் பிரசுரங்களை அருகருகே விரித்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். எதைப் புரட்டினாலும் பென்குயின், அல்பட்ரொஸ், கடல்யானை, பனி மலை, ஒரே நிற மேலங்கி போட்ட பத்துப் பேர். வெள்ளவத்தையில் கூடும் எங்கள் காட்டுயிர்ப் புகைப்படக் குழுவில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், "எங்கே போனால் அதிக இனங்களைப் பார்க்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை என்பது என் கட்சி. யாலவில் ஜீப்பை விட்டு இறங்க அனுமதியில்லாமல், முன்னால் நிற்கும் ஜீப்புகளின் இடுக்கில் லென்ஸை நுழைத்துப் படம் பிடித்துப் பழகியவர்கள் நாம். நமக்கு அந்தத் தீவுகள் தரும் வரம் ஒன்றே. காலால் நடந்து போய், விலங்கின் எதிரே, அவசரமில்லாமல் நிற்கலாம். ஆகவே பயணச் செலவைக் கரையில் நிற்கக் கிடைக்கும் மணித்தியாலங்களால் வகுத்துப் பாருங்கள். பிரசுரத்தில் மேலே இருந்த பயணம் கீழே போகும். கீழே இருந்தது மேலே வரும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது "சிறு குழு" என்ற விளம்பரம். ஏறக்குறைய இருநூறு பயணிகள் ஏறும் கப்பலில் பத்துப் படப்பிடிப்பாளர்களும் ஒரு வழிகாட்டியும் இருந்தாலும் அது சிறு குழு என்றே விற்கப்படுகிறது. ஆனால் தென் அத்திலாந்திக்கில் பிரித்தானிய ஆளுகையில் உள்ள தென் ஜோர்ஜியாத் தீவில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் நிற்க முடியாது. கப்பலில் இருநூறு பேர் என்றால் இரண்டு தவணையாகத்தான் இறங்க வேண்டும். உங்கள் பத்துப் பேரும் அந்த வரிசையில்தான். ஆகவே குழு எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், கப்பலில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

தென் ஜோர்ஜியாவை எதிர்த்து வாதாடுவது கடினம். 170 கிலோமீற்றர் நீளத் தீவு. பனியாறுகள் நேரே கடலுக்கு இறங்குகின்றன. சென்ட் அன்ட்ரூஸ் குடாவில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் ஜோடி கிங் பென்குயின்கள். எங்கள் குழுவில் அங்கே போய்வந்த அண்ணா ஒருவர் சொன்னது இது. முதல் நாள் விரல் ஓயாமல் படம் எடுத்துத் தள்ளிவிட்டு இரவு கணினியில் போட்டுப் பார்த்தாராம். கூட்டம் இருந்தது, ஒரு முகம் இல்லை. மறுநாள் பனியாற்று நீர் ஓடிவரும் ஓடை ஒன்றின் ஓரத்தில் காலை ஊன்றிக்கொண்டு, உதிர்ந்த இறகுகள் மிதந்துபோகும் தண்ணீரைக் கடக்கத் தயங்கிய ஒரே ஒரு பழுப்புக் குஞ்சை மட்டும் எடுத்தார். அது பஞ்சு பிய்ந்த பழைய தலையணைபோல நனைந்து நிற்கிறது. அவருடைய வீட்டுச் சுவரில் இன்றைக்கும் தொங்குவது அந்தப் படம்தான்.

அங்கே மாதத்தைத் தெரிவு செய்வதில்தான் பாதி வெற்றி. ஒக்டோபர் கடைசியும் நவம்பரும் என்றால் கடல்யானை ஆண்களின் சண்டை, கறுப்புக் குட்டிகள், மலைகளில் இன்னும் பனி. டிசம்பரில் உரோம சீல்கள் கரைகளைப் பிடித்துக்கொள்ளும். ஆண் சீல் ஓடிவந்து கடிக்கும், சில கரைகளில் இறங்கவே முடியாது. நாடோடி அல்பட்ரொஸ் கூடு கட்டும் பிரியன் தீவு, சீல்களின் இனப்பெருக்கத்துக்காக நவம்பர் 20 முதல் ஜனவரி 7 வரை மூடப்படுகிறது. அந்தப் பறவைக்காகவே போகிறவர் டிசம்பரில் முற்பதிவு செய்தால் காசு கடலில் போட்டதுதான்.

இன்னொரு மாற்றம் பிரசுரங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். 2023 ஒக்டோபரில் தென் ஜோர்ஜியாவின் பேர்ட் தீவில் பழுப்பு ஸ்கூவாப் பறவைகளில் கொடிய பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் கடல்யானைகளையும் அது வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் அந்தாட்டிக் கப்பல் நடத்துநர்களின் சங்க விதிப்படி கரையில் உட்காரக் கூடாது, முழங்காலிடக் கூடாது, படுக்கக் கூடாது, பையைத் தரையில் வைக்கக் கூடாது. தரையோடு படுத்துப் பென்குயினின் கண் மட்டத்தில் எடுக்கும் அந்தப் பழைய படத்தை மறந்துவிடுங்கள். மடித்துத் திருப்பக்கூடிய திரையுள்ள கமராவை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துக் குனிந்துதான் எடுக்க வேண்டும். முதுகு வலியுள்ளவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

காலக்கணக்குக்கு வருவோம். ஆர்ஜென்டீனாவின் உசுவாயாவில் ஏறி, தென் அமெரிக்காவுக்குக் கிழக்கே உள்ள போக்லாந்துத் தீவுகள் வழியாகப் போனால், அங்கிருந்து தென் ஜோர்ஜியாவுக்கே இரண்டு நாளுக்குக் குறையாத கடல். மூன்று வாரப் பயணத்தில் தீவின் கரையோரம் கிடைப்பது நான்கைந்து நாள். கொழும்பிலிருந்து டோஹாவோ டுபாயோ வழியாகத் தென் அமெரிக்கா போய்வரும் நாட்களையும் சேர்த்தால் ஒரு மாதம் போய்விடும். அரச உத்தியோகத்தில் இருப்பவர் ஒரு மாத விடுமுறைக்கு யாரிடம் போய் நிற்பது? கப்பல் நடுவில் பிரித்தானிய ஆளுகைக்குள் போய் மீண்டும் ஆர்ஜென்டீனாவுக்கு வருவதால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது என்பதையும் மறக்க வேண்டாம். இந்த ஒப்பீட்டில் அதிக பணத்தைத் தின்னும் பயணமும் இதுவே.

பத்துப் பேர் போகும் பாய்மரப் படகு ஒன்றும் உண்டு. போக்லாந்துத் தலைநகர் ஸ்டான்லியிலிருந்து புறப்படும். வெளிச்சத்துக்காக ஒரே குடாவில் இரண்டு நாள் நங்கூரமிட்டுக் காத்திருக்கலாம். எந்தக் கப்பலாலும் தர முடியாத சுதந்திரம் அது. ஆனால் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலிலேயே தலையைத் தூக்காமல் கிடந்த நண்பர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். அவர்களை அந்தக் கடலில் நாள் கணக்கில் படகில் ஏற்றும் பாவத்தை நான் செய்யமாட்டேன்.

நியூசிலாந்துப் பக்கம் வேறு மாதிரி. ஸ்னேர்ஸ், பவுன்டி, அன்டிபோடிஸ், ஒக்லாந்து, கெம்பல் என்ற ஐந்து தீவுக் கூட்டங்களும் 1998இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. (இந்த ஒக்லாந்து அந்த மாநகரம் அல்ல, விசா விண்ணப்பத்தில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.) சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சேர்ச், அங்கிருந்து தெற்கு முனையில் உள்ள ப்ளஃப் துறைமுகம். விசா விடயத்தில் இலங்கையருக்குக் கடல் வழிகளில் இதுவே இலகுவானது; நியூசிலாந்து உயர்ஸ்தானிகராலயமும் அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயமும் கொழும்பிலேயே இருக்கின்றன. மக்குவாரி தீவு அவுஸ்திரேலிய மண் என்பதால் அதையும் சேர்த்த பயணத்துக்கு இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும்.

ஸ்னேர்ஸில் யாரும் இறங்க முடியாது. இறப்பர் படகில் ஆடிக்கொண்டே, அந்தத் தீவுகளில் மட்டுமே முட்டையிடும் ஸ்னேர்ஸ் கொண்டைப் பென்குயினை எடுக்க வேண்டும். கைநடுக்கம், அலைநடுக்கம், படகுக்காரர் சிரிப்பு எல்லாவற்றையும் தாண்டிப் பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். ஒக்லாந்துக் கூட்டத்தின் என்டர்பி தீவில்தான் கால் தரையில் படும். அங்கே ஒரு யோசனை: தீவைச் சுற்றி நீண்ட நடைக்கு எல்லோரும் புறப்படுவார்கள், நீங்கள் புறப்படாதீர்கள். சாண்டி குடாவின் பச்சைப் புல்தரையிலேயே நில்லுங்கள். ஹூக்கர் கடற்சிங்கம் புல்லை உழுதுகொண்டு உங்களை நோக்கி உறுமி ஓடிவரும். வழிகாட்டி "ஓடாதே, நில்" என்பார். நான் நின்றேன். மூன்று பாகத் தூரத்தில் அதுவும் நின்று, மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்து, சலிப்போடு திரும்பிப் போயிற்று. அதன் மீசை மயிரில் மணல் ஒட்டியிருந்தது வரை படத்தில் விழுந்திருக்கிறது. அதே புல்தரை வழியே மாலையில் மஞ்சள்கண் பென்குயின் ஒன்று தன்பாட்டில் வீடு திரும்பும். உலகின் அரிய பென்குயின்களில் ஒன்று அது. ஒரு கமராவுக்காகவும் நடையை மாற்றாது.

கெம்பல் தீவுக்குப் போகிறவர் வெயிலை எதிர்பார்க்கக் கூடாது. ஆண்டில் ஏறக்குறைய 325 நாள் மழை; ஆண்டு முழுவதும் சேர்ந்த நல்ல வெயில் 650 மணித்தியாலம் அளவுதான். ஆனாலும் லயல் கணவாய்க்கு ஏறும் பலகைப் பாதையின் ஓரத்திலேயே தெற்கு ரோயல் அல்பட்ரொஸ் அடைகாத்துக் கொண்டிருக்கும். விரித்தால் மூன்று மீற்றர் இறக்கை. பிற்பகல் சாயும்போது இளம் பறவைகள் கூடிக் கழுத்தை வானத்துக்கு நீட்டிக் கூத்தாடும். அந்த நேரம் கரையில் இருக்கவிடும் கப்பல்தானா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் முட்டைக்கோசு அளவு இலையும் ஊதாப் பூவுமாகப் பெருஞ்செடிகள். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1840இல் வந்து வியந்து எழுதிய செடிகள் இவை. பிற்காலத்தில் இலங்கைத் தாவரங்களை வரிசைப்படுத்தும் பெருவேலையை முடித்துக்கொடுத்தவரும் அதே ஹூக்கர்தான். 2001இல் எலிகளை ஒழித்த பிறகு தீவு மீண்டும் பறவைகளுடையதாகிவிட்டது.

மக்குவாரியில் ரோயல் பென்குயின், கிங் பென்குயின், கடல்யானை மூன்றும் ஒரே கரையில். ரோயல் அங்கே மட்டுமே குஞ்சு பொரிக்கும். லூசிற்றானியா குடாவில் இறங்க முடியாது. படகிலிருந்து பார்த்தால், பென்குயின்களை அவித்து எண்ணெய் எடுத்த பழைய கொதிகலன்கள் துருப்பிடித்து நிற்க, அவற்றைச் சூழப் பென்குயின்கள். தென் ஜோர்ஜியாவின் மலைகள் இங்கே இல்லை. கூட்டத்தின் பிரமாண்டமும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் நெருக்கம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மூன்றாவது வழியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கப்பலே வேண்டாம், போக்லாந்துக்கு விமானத்தில் போய்த் தீவுகளிலேயே தங்குவது. சிலி நாட்டின் சாண்டியாகோவிலிருந்து புந்தா அரேனாஸ் வழியாகச் சனிக்கிழமைதோறும் விமானம். அங்கே இறங்கியபின் தீவுக்குத் தீவு சின்னஞ்சிறு ஐலண்டர் விமானம், புல்தரையில் இறங்கும். நாளைய பயணிகளின் பெயர்கள் முதல்நாள் மாலை வானொலியில் வாசிக்கப்படும். ஆளுக்கு இருபது கிலோ பொதிதான், 600 மி.மீ. லென்ஸைத் தூக்கி வருகிறவர் உடுப்பை விட்டுவிட்டு வர வேண்டும். அந்த லென்ஸ் இங்கே தேவையும் இல்லை. 100–400 ஒன்றும் 24–70 ஒன்றும் போதும்.

சோண்டர்ஸ் தீவில் "கழுத்து" என்று அழைக்கப்படும் ஒடுங்கிய மணல் இடுக்கில் ஜென்ரூ, ராக்ஹொப்பர், மகெல்லன் பென்குயின்களும், கொஞ்சம் கிங்கும், கரும்புருவ அல்பட்ரொஸும் நடை தூரத்தில். ராக்ஹொப்பர்கள் அலை மோதும் பாறையில் தொற்றி, சறுக்கி விழுந்து, மறுபடி ஏறும் இடத்தில் பாறையிலேயே நக அடையாளம் கீறிக் கிடக்கிறது. பக்கத்துக் குடிலில் உறங்கலாம். உலகின் கரும்புருவ அல்பட்ரொஸ்களில் பெரும்பகுதி கூடு கட்டுவது இந்தத் தீவுகளில்தான். கப்பல்காரர் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இறக்கி மாலைக்கு முன் ஏற்றிவிடுவார். குடிலில் இருப்பவர் டிசம்பரில் அதிகாலை ஐந்து மணிக்கு முந்திய முதல் வெளிச்சத்தையும் இரவு ஒன்பது மணிக்குப் பிந்திய கடைசி வெளிச்சத்தையும் அள்ளிக்கொள்வார். கரை மணித்தியாலக் கணக்கில் இதற்கு யாரும் கிட்ட வர முடியாது. செலவும் தென் ஜோர்ஜியாவைவிட வெகுவாகக் குறைவு.

1982இல் பிரித்தானியாவும் ஆர்ஜென்டீனாவும் மோதிய போரின் கண்ணிவெடிகள் அங்கே 2020 நவம்பரில்தான் முழுமையாக அகற்றப்பட்டன. அதுவரை வேலிக்குள் ஆட்கள் போகாத கரைகளில் பென்குயின்கள் நடந்து திரிந்தன. வெடியை அமுக்கும் எடை அவற்றுக்கு இல்லை. முகமாலைப் பக்கம் மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குறையும் சொல்ல வேண்டும். பனியாறு இல்லை, மலை தாழ்வு, காற்று ஓயாது. மணலை லென்ஸுக்குள் அடித்துவிடும். கிங் பென்குயின் கூட்டம் வேண்டுமென்றால் வொலன்டியர் முனைதான். அங்கும் எண்ணிக்கை ஆயிரங்களில்தான், இலட்சங்களில் இல்லை.

பிரெஞ்சுத் தீவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேவேந்திரமுனையில் நின்று நேர் தெற்கே பார்த்தால் அந்தாட்டிக்கா வரை கரையில்லை. சற்று மேற்கே ஒதுங்கினால் கேர்கெலன். நம்முடைய இந்து சமுத்திரத்துத் தீவு. ரியூனியனிலிருந்து மரியோன் டுஃப்ரேன் என்ற விநியோகக் கப்பல் குரோசே, கேர்கெலன், அம்ஸ்டர்டாம் தீவுகளுக்குப் போகும்போது சில சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிக்கொள்ளும். பயணம் ஏறக்குறைய ஒரு மாதம். ஆனால் அது ஆராய்ச்சி நிலையங்களுக்கு எரிபொருளும் உணவும் கொண்டுபோகும் கப்பல். உங்கள் வெளிச்சத்துக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள், பேச்சும் பிரெஞ்சில். ரியூனியனில் தமிழ் வழி வந்தவர்கள் நடத்தும் தீமிதித் திருவிழாவை எடுக்க வேண்டுமானால் போங்கள். அதற்கு அந்தக் கப்பல் தேவையில்லை.

எந்த வழியில் போனாலும் பொதியைக் கொழும்பிலேயே சுத்தம் செய்யத் தொடங்குங்கள். எலியை ஒழிக்கக் கோடிக்கணக்கில் செலவழித்த தீவுகள் இவை. ஒரு விதையையும் விடமாட்டார்கள். வில்பத்துச் செம்மண் முக்காலியின் காலுக்குள் ஏறியிருக்கும். பிரித்துக் கழுவ வேண்டும். ஒட்டுப்பட்டியின் கொக்கிகளுக்குள் நாயுருவி முள்ளும் புல்விதையும் சிக்கியிருக்கும். குண்டூசியும் பழைய பல்துலக்கியும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு மாலை போய்விடும். நியூசிலாந்து விமான நிலையத்தில் சொல்லாமல் கொண்டுபோகும் உணவுப் பொருளுக்கு அந்த இடத்திலேயே 400 டொலர் தண்டம். அம்மா கட்டித்தரும் கருவாட்டுப் பொதியை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முதல் முறை போகும் நான்கைந்து பேருக்கு என் வாக்கு போக்லாந்துக்கே. பறக்கும் அல்பட்ரொஸ் பைத்தியம் பிடித்தவருக்கும், விசாவுக்காக அலைய மனமில்லாதவருக்கும் நியூசிலாந்து. தென் ஜோர்ஜியாவை இரண்டாவது பயணத்துக்கு வையுங்கள். கூட்டத்தைப் பார்த்துக் கை பதறாத நிலைக்கு வந்தபின் போனால்தான் கொடுத்த காசுக்குப் படம் கிடைக்கும். போக்லாந்து என்று முடிவானால் முதலில் சனிக்கிழமை இருக்கைகளைப் பிடியுங்கள், பிறகுதான் குடில்கள். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் விமானத்துக்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் நடுவே சாண்டியாகோவில் இரண்டு இரவு இடைவெளி விடுங்கள். வழியில் ஒரு விமானம் பிந்தி அதைத் தவறவிட்டால் அடுத்த விமானத்துக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.