தாத்தாவின் தீட்டுக்கல்: வாட்டர் பேப்பரா, பொடியா, வைரத் தகடா?

பழைய பெட்டியிலிருந்து வெளியே வரும் தீட்டுக்கல் பெரும்பாலும் கரிக்கட்டி மாதிரிதான் இருக்கும். பல வருட எண்ணெயும் இரும்புத்தூளும் சேர்ந்து இறுகிய கருப்பு அது. தீட்டித் தீட்டி நடுவில் குழிந்த கல்லை எதால் தேய்த்துத் தட்டையாக்குவது என்பது அது என்ன கல் என்பதைப் பொறுத்தது. இன்ன கல் என்று கண்டுபிடிக்க முதலில் அந்தக் கருப்பு போக வேண்டும். நெருப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். எண்ணெயைக் கக்க வைக்கிறேன் என்று அடுப்பில் சுட வைக்காதீர்கள், கல் விரிசல் விடலாம்.

கழுவிய கல்லின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கருஞ்சாம்பல் குருணைகள் மினுமினுத்தால் கார்போரண்டம், அதாவது செயற்கைக் கல். இரண்டு நிறம் ஒட்டியிருந்தாலும் செயற்கை என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். மஞ்சள் கல்லின் அடியில் நீலச்சாம்பல் ஸ்லேட் இருந்தால் அது பெல்ஜியத்தின் கோட்டிகியூல் என்ற இயற்கைக் கல்லாக இருக்கலாம்.

இயற்கைக் கல் என்றால் ஓரத்தில் ஊசியால் கீறிப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் ஸ்லேட் மாதிரி மென்மையானது. கல் அசராமல், ஊசியின் இரும்பே கோடாக ஒட்டினால் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் வெட்டிய நோவாகுலைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அது முழுக்க நுண்ணிய குவார்ட்ஸ்.

அதற்குள்ளும் ரகம் உண்டு, எடை காட்டிக்கொடுக்கும். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். என் கல் காய்ந்த நிலையில் 452 கிராம், அமிழ்த்தியபோது தராசு காட்டியது 172, அதாவது கல் விலக்கிய தண்ணீரின் எடை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி 2.63. குவார்ட்ஸின் அடர்த்தியே 2.65 என்பதால் உள்ளே துளை அநேகமாக இல்லை, நைசான கடினக் கல். நோவாகுலைட்டிலேயே வாஷிட்டா போன்ற துளையுள்ள ரகம் 2.2 பக்கம் நிற்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் சமன் செய்யப் போனதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கண்ணாடிமேல் வாட்டர் பேப்பர் ஒட்டித் தேய்த்தேன். நாலு தாள் மொட்டையானது, கல்லில் போட்ட பென்சில் கோடு நடுவில் அப்படியே இருந்தது, அதாவது குழி போகவில்லை. ஸ்லேட்டுக்கு அந்தத் தாளே தாராளம். வைரத் தகடு வேகமானது, கோட்டிகியூலுக்கு அருமை. ஆனால் என் கல் மாதிரிக் கடினக் கல்லில் போட்டு இழுத்தால் தகட்டின் ஆயுள்தான் தேயும்.

எனக்கு வேலை செய்தது சிலிக்கன் கார்பைடு பொடி. தடித்த கண்ணாடியில் ஒரு சிட்டிகை 80 நம்பர் பொடி, கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் கல். பொடி உருண்டு உருண்டு வெட்டுவதால் மழுங்கினாலும் கவலையில்லை, துடைத்துவிட்டுப் புதிதாகத் தூவலாம். கண்ணாடியும் குழியும் என்பதால் இடம் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். எப்போதும் ஈரத்தோடுதான், குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பிறகு அதைவிட நைசான 220 நம்பர் பொடி. அதற்கு மேல் வழவழப்பாக்கினால் கல் மெதுவாகத்தான் வெட்டும்.

இவ்வளவும் உளிக்கும் இழைப்புளிக்கும்தான் தேவை. முதலில் கல்லைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் தொடாமலே தட்டையாக இருக்கக்கூடும். என் கல்லில் அரை மில்லிமீட்டர் குழி இன்னும் பாக்கி. அதில் சமையல் கத்திதான் தீட்டுகிறேன், அப்படியே விட்டுவிட்டேன்.