28-லிருந்து 6-க்கு: அங்குலத்தைச் சுருக்குவதா, ஆளைக் கூட்டுவதா?

28 மி.மீ. உயர மினியேச்சர்களை, அதாவது பொம்மை வீரர்களை, மனத்தில் வைத்து எழுதிய வார்கேம் (மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு) விதிகளைச் சின்னப் பொம்மைகளுக்கு மாற்றப் போகிறேன் என்று சொன்னால், உடனே வரும் யோசனை ஒன்றுதான்: "அங்குலம் என்று இருக்கிற இடத்திலெல்லாம் சென்டிமீட்டர் என்று படித்துக்கொள்." நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

கணக்கு என்ன சொல்கிறது? 28-ஐ 2.54-ஆல் வகுத்தால் 11. அதாவது இந்த மாற்றம் 10, 12 மி.மீ. பொம்மைகளுக்குப் பொருந்தும். 15 மி.மீ.க்கு அளவுக்கு மீறிச் சுருக்கிவிடும். அங்கே தூரத்தைப் பாதியாக்கினாலே போதும். 6 மி.மீ.க்கோ இந்தச் சுருக்கமும் பற்றாது. பெரிய லாபம் இடம்தான்: ஆறடிக்கு நாலடி மேசையில் நடக்கிற சண்டை 72-க்கு 48 செ.மீ. பலகையில் முடிந்துவிடும்.

நான் சறுக்கியது பேஸ் விஷயத்தில், அதாவது பொம்மையின் காலடியில் ஒட்டுகிற தட்டு விஷயத்தில். தூரத்தைச் சுருக்கினேன், 25 மி.மீ. பேஸை அப்படியே விட்டுவிட்டேன். ஐந்து குதிரைவீரர்கள் ஒரே வரிசையில் நின்றால் அகலம் 12.5 செ.மீ. இந்த வரிசை தொண்ணூறு டிகிரி திரும்ப வேண்டுமென்றால் வெளிக்கோடியில் இருக்கிறவன் கிட்டத்தட்ட 20 செ.மீ. போக வேண்டும். பழைய விதியில் குதிரைக்கு ஒரு நகர்வில் 12 அங்குலம், அதாவது 30 செ.மீ.க்கு மேல், திரும்பி முடித்தபின் இன்னும் பத்து செ.மீ. பாய மிச்சமிருக்கும். புதுக் கணக்கில் மொத்தமே 12 செ.மீ. பாதித் திருப்பத்தைத் தாண்டியதும் நின்றுவிடும். எதிரியின் பக்கவாட்டைச் சுற்றி வளைக்கப் போன என் குதிரைப்படை, நடுவழியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பேஸும் தூரமும் ஒரே விகிதத்தில் சுருங்கவில்லை என்றால், அது வேறு ஆட்டம். பொம்மையின் உயரத்துக்கு இதில் வேலையே இல்லை.

சரி, பேஸையும் 10 மி.மீ. ஆக்கிவிடலாம் என்றால் விரல் ஒத்துழைக்காது. நகர்த்தும்போது கால் அங்குலம் பிசகுவது சகஜம். 6 அங்குல நகர்வில் அது நூற்றுக்கு நாலு; 6 செ.மீ. நகர்வில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். "தொட்டுவிட்டது, தொடவில்லை" என்ற சண்டை அங்கேதான் ஆரம்பம்.

இன்னொரு வழி, தூரம், பேஸ் எதையுமே தொடாமல் பேஸின் மேல் ஆட்களை நிறைப்பது. 20 மி.மீ. சதுரங்களாக ஐந்துக்கு நாலு என்று இருபது பேர் நின்ற இடம் 100-க்கு 80 மி.மீ. அதே அளவில் ஒரு தட்டை வெட்டி 6 மி.மீ. வீரர்களை ஒட்டினால் எண்பது, நூறு பேர் வந்துவிடுவார்கள். விதியில் ஓர் எழுத்தும் மாறாது. செத்த ஆளைத் தனித்தனியாக எடுத்துவிட முடியாது, அவ்வளவுதான். சேதத்தைப் பகடை வைத்துக் காட்ட வேண்டும். இடம் மிச்சமாகாது, உண்மைதான். ஆனால் பார்க்கையில் அது படை. முன்பு இருந்தது கும்பல்.

சுடும் தூரமும் இதில் நம்பும்படி ஆகிறது. 24 அங்குலத் துப்பாக்கி வீச்சு 28 மி.மீ.யின் 1/56 அளவில் பார்த்தால் நிஜத்தில் வெறும் 34 மீட்டர். அதே 24 அங்குலம் 6 மி.மீ.யின் 1/300-இல் 180 மீட்டரைத் தாண்டும்.

டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) என்ற பழங்காலப் போர் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதில் 15 மி.மீ.க்கும் அதற்குக் கீழேயும் 40 மி.மீ. அகல பேஸ், 28-க்கு 60. மூன்றாம் பதிப்பிலிருந்து நகர்வையும் பேஸ் அகலத்தாலேயே அளக்கிறார்கள். பேஸ் மாறினால் தூரமும் தானாக மாறிவிடும். புதிதாக விதி எழுதுகிறவர்கள் ஏன் இன்னும் அங்குலத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று தெரியவில்லை.

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ஆயுதம் என்று இருக்கிற ஸ்கிர்மிஷ் (சில வீரர்களே மோதும் சிறு சண்டை) ஆட்டங்களை 6 மி.மீ.க்குக் கொண்டுபோகாதீர்கள். யார் கையில் இயந்திரத் துப்பாக்கி என்று குனிந்து பார்த்தாலும் தெரியாது. அதற்கு 15 மி.மீ., பாதித் தூரம், 15 மி.மீ. வட்ட பேஸ். அப்புறம் வெடிப்பு டெம்ப்ளேட்டையும் (குண்டு வெடிக்கும் பரப்பைக் காட்டும் வட்டத் தகடு) மறக்காமல் பாதியாக்க வேண்டும்; 5 அங்குல வட்டத்தை அப்படியே வைத்தால் ஒரே குண்டில் இரண்டு யூனிட் போகும்.

பெரிய படைக்கு என் ஓட்டு 6 மி.மீ., பழைய அங்குலம், பழைய பேஸ். சேதத்துக்கு மட்டும் வழக்கமான 16 மி.மீ. பகடை வேண்டாம், வீரர்களுக்கு நடுவே மாடி வீடு முளைத்த மாதிரி இருக்கும். கிடைப்பதில் மிகச் சின்னதாக, பேஸில் ஒட்டிய புல்லின் நிறத்திலேயே வாங்கிப் பின்விளிம்பில் வைத்தால் எண்ணும் தெரியும், கண்ணையும் உறுத்தாது.