சென்னையில் காலை டிபன், மதிய வேலை, மாலைச் சந்திப்பு: மயிலாப்பூரைச் சுற்றிய கஃபே அனுபவம்

டிசம்பரில் ஊருக்குப் போகிற நண்பர்கள் என்னிடம் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். "லேப்டாப்போட உட்கார நல்ல கஃபே எது? அங்கேயே சாப்பிடணும், ஃப்ரெண்ட்ஸையும் வரச் சொல்லணும்." மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே தேடினால் மூன்றும் அரைகுறையாகத்தான் அமையும். சாப்பிட ஓர் இடம், வேலைக்கு ஓர் இடம், பேச ஓர் இடம் என்று பிரித்துக்கொண்டால் சென்னையில் ஒரு நாளை மிக நன்றாகக் கழிக்கலாம். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, கோபாலபுரம், ராயப்பேட்டை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் அலைச்சலும் குறைவு. லண்டனிலிருந்து வந்து மந்தைவெளியில் அம்மா வீட்டில் தங்கி, பாதி விடுப்பு பாதி வேலை என்று இருந்தபோது பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. குளிர்காலத்தில் லண்டனுக்கும் இந்தியாவுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 என்றால் இங்கே மதியம் 2.30. ஆகவே காலை முழுக்க நமக்குச் சொந்தம். டொராண்டோ, நியூயார்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்களுடைய 9 மணி இங்கே இரவு 7.30. கஃபேயில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எண்ணத்தை அவர்கள் விட்டுவிட்டு வீட்டிலேயே நல்ல இணைப்புக்கு ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம்.

காலைச் சாப்பாட்டுக்குப் புதிய கஃபேக்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவகாடோ டோஸ்ட்டும் பான்கேக்கும் லண்டனில் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. மயிலாப்பூரில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடுவானேன்? அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் இருக்கிறது. சின்ன இடம். உள்ளே இடம் கிடைக்கும்வரை தெருவில்தான் நிற்க வேண்டும். இட்லி, பொங்கல், வடை, கூடவே கெட்டிச் சட்னி. பச்சை மிளகாய்க் காரம் நாக்கில் ஏறி, அடுத்த இட்லி விள்ளலைத் தானாகவே கேட்கும். பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்னி தீருவதற்கு முன்பே கரண்டி வந்துவிடும். நாம் கையைக் குறுக்கே நீட்டி "போதும்" என்றால்தான் நகர்வார். கேட்காமலே கவனிக்கிற இந்தச் சேவைக்கு எந்த ஊர் உணவகத்தையும் என்னால் ஈடு சொல்ல முடியவில்லை. சோம்பலாக எழுந்து பதினோரு மணிக்குப் போனால் கிடைக்காது, காலையிலேயே போய்விட வேண்டும்.

கொஞ்சம் தாமதமாக எழுகிறவர்களுக்கு கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். அங்கே கீரை வடையைத் தவறவிடாதீர்கள். திருவல்லிக்கேணி வரை போக மனமிருந்தால் 1948இலிருந்து நடக்கும் ரத்னா கஃபே. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிடுவதற்காகவே ஒரு கூட்டம் அங்கே வருகிறது. இட்லி ஊற ஊற இன்னும் ஊற்றுவார்கள்.

பத்து மணிக்கு ஒரு முழுச் சாப்பாடு, மூன்று மணிக்கு டிபன் காபி என்பது மயிலாப்பூர் வீடுகளில் எங்கள் தாத்தா காலத்து வழக்கம். ஆபீஸ் போகிறவர்கள் சாதம், சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கும் இந்தக் கால பிரன்ச் (brunch) பழக்கம் அவர்களுக்குப் புதுமையாகவே இருந்திருக்காது. மார்கழியில் வருகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: சபா கேன்டீன்கள். கச்சேரி கேட்காதவர்கள்கூட சாப்பாட்டுக்கென்றே போகிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மெஸ்ஸில் சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும். வெளியே நமக்காக நாலு பேர் நிற்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் சென்னைக்கு உட்கார்ந்து பேசுகிற பழக்கம் புதிதாக வந்ததல்ல. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்ததை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் சொல்வார்கள். 1962இல் தொடங்கியது. காரிலேயே தட்டு வரும், உள்ளே போனால் மரத்தடி, ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் தங்கள் அறிக்கைகளை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள். கல்யாணப் பேச்சுகள், வியாபாரம், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே நடந்தன. 2008இல் மூடினார்கள். அந்த நிலத்தில்தான் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்கா அழகாகவே இருக்கிறது. ஆனால் ஒரு காபி விலையில் அரை நாள் உட்காரும் உரிமை அந்த இடத்தோடு போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

அந்தத் தோட்டத்து நிழலுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது ஒயிட்ஸ் ரோட்டில் உள்ள அமெதிஸ்ட். முன்பு கோபாலபுரம் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது, இப்போது ஒரு பழைய கிடங்கைச் செப்பனிட்டு அங்கே நடத்துகிறார்கள். வெளியே ராயப்பேட்டையின் அத்தனை ஹாரன் சத்தமும் இருக்க, கேட்டைத் தாண்டினால் செடி கொடிகள், நிழல், வராந்தா. பழைய தோழியுடன் இரண்டு மணி நேரம் பேச வேண்டும் என்றால் நான் இங்கேதான் வரச் சொல்வேன். விலை கூடுதல்தான். மெஸ்ஸில் முப்பது, நாற்பது ரூபாய்க்கு நல்ல ஃபில்டர் காபி கிடைக்கும்போது இங்கே காபிக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்கிறோம். அந்தப் பணம் நாற்காலிக்கும் மரத்துக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஊரில் சம்பளம் வாங்குகிற நண்பரை அழைத்தால் பில்லை நாமே கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

சேமியர்ஸ் ரோட்டில் இருக்கும் சேமியர்ஸ் கஃபேயும் இதே வகை. சாலைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர் வைத்து எத்தனையோ வருடம் ஆகியும் ஆட்டோவில் சேமியர்ஸ் ரோடு என்றால்தான் சட்டென்று புரிகிறது. துணிக்கடை, கூடவே கஃபே. காலை பதினோரு மணி வாக்கில் போனால் அமைதியாக இருக்கும்.

பீட்டர்ஸ் ரோட்டில் ரைட்டர்ஸ் கஃபே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீக்காயங்களிலிருந்து மீண்ட பெண்களுக்குப் பயிற்சி தந்து வேலைக்கு வைத்திருக்கும் இடம் இது. நம் ஊரில் தீக்காயம்பட்ட பெண்கள் பலர் அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். பெரும்பாலும் வீட்டு வன்முறைதான் அதன் பின்னணி. இங்கே அவர்கள் பேக்கரி வேலை செய்கிறார்கள், தட்டுகளை எடுத்துவருகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் கதையைக் கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். காபி நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். பக்கத்தில் புத்தகங்களும் இருக்கின்றன, தனியாகப் போனாலும் பொழுது போகும்.

தனியாகப் போவது என்றதும் இதையும் சொல்ல வேண்டும். டீக்கடையில் ஓர் ஆண் ஒரு மணி நேரம் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கலாம். ஒரு பெண் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் புதிய கஃபேக்களில் தேர்வுக்குப் படிக்கும் பெண்களையும், லேப்டாப்பில் மூழ்கியிருக்கும் பெண்களையும், ஐம்பது வயதுக்கு மேல் தோழிகளோடு சத்தமாகச் சிரிக்கும் பெண்களையும் பார்த்தேன். யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த ஊரில் எங்களுக்கு இப்படி ஓர் இடம் இல்லை. இதற்காக இந்த கஃபேக்களின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு.

இப்போது வேலை. கஃபே வைஃபையை நம்பி மீட்டிங் வைக்காதீர்கள். வேகம் பரவாயில்லை, சிக்கல் உள்ளே நுழைவதில்தான். பொது வைஃபையில் இணைய இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறார்கள். வெளிநாட்டு எண்ணுக்கு அது வருவதில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கிவிடுவதுதான் ஊரில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை. அதன் 5ஜி ஹாட்ஸ்பாட்டில்தான் நான் பெரும்பாலும் வேலை பார்த்தேன். பிரிட்டனின் சதுர முள் பிளக் இங்கே உள்ள வட்டத் துளையில் நுழையாது, அடாப்டர் கொண்டுவாருங்கள். சுவரோரத்து மேசையை முதலிலேயே பிடித்துவிடுங்கள், பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கும்.

மாலை ஆறு மணிக்கு மேல் எந்த கஃபேயிலும் போன் பேச முடியாது. இசையைக் கூட்டிவிடுகிறார்கள், கூட்டமும் வந்துவிடுகிறது. நான் 2.30க்கு உட்கார்ந்து ஐந்தரைக்கு எழுந்து, மீதி வேலையை வீட்டில் முடித்தேன். பேச வேண்டாம், படிக்கவோ எழுதவோ மட்டும்தான் வேண்டும் என்றால் கஃபேயே தேவையில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். அரசு நடத்தும் நூலகம், ஒரு காபிகூட வாங்க வேண்டியதில்லை. இதை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் அறியாமலே திரும்பிப் போகிறார்கள்.

பணம் கட்டுவதில்தான் நமக்குச் சங்கடம். ஒரு கஃபேயில் என் லண்டன் கார்டு ஓடவில்லை, ரொக்கம் கொடுத்தால் சில்லறை இல்லை என்றார்கள். க்யூஆர் அட்டையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கடைசியில் வீட்டிலிருந்து அம்மா ஜிபே செய்தாள். எழுபது வயது அம்மா அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டாள்! வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் எண்ணைக் கொண்டே, போனில் பணம் அனுப்பும் யுபிஐ வசதியை வைத்துக்கொள்ள 2023இலிருந்து வழி இருக்கிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். கட்டாயம் இல்லை. எண்ணைத் தரச் சொல்லி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் சொல்லியிருக்கிறது. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி வரி, அதைக் கொடுத்தாக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று இருந்தால் அது நம் விருப்பம், எடுத்துவிடச் சொல்லலாம். நான் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறியவர் கையில் நேரடியாகக் கொடுத்தேன்.

அப்புறம், பெரியவர்களை அழைத்துப் போவது. இதற்குத்தான் நான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. சித்திக்கு முழங்கால் வலி. அவளை ஆழ்வார்பேட்டையில் ஒரு புதிய கஃபேக்கு அழைத்துப் போனேன். வாசலில் நாலு படி, கைப்பிடி கிடையாது. உள்ளே எல்லாமே தாழ்ந்த சோபா. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சித்தி நின்றுகொண்டே இருந்தாள். அங்கே வேலை பார்க்கும் பையன் மணிப்பூர்க்காரன், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். சித்தி முழங்காலில் கை வைத்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய், கேஷ் கவுன்டரில் இருந்த மர நாற்காலியைத் தூக்கிவந்தான். "உக்காருங்க பாட்டி" என்றான். இசையைக் குறைக்கச் சொன்னேன், அதையும் செய்தான். கிளம்பும்போது சித்தி அவன் ஊர், அம்மா, தங்கை எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்தாள், பாதி சைகையிலேயே. அந்தப் பையனிடம் இருந்த அக்கறை அந்தக் கட்டடத்தை வரைந்தவரிடமும் இருந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடிக் கம்பிக்கும், நிமிர்ந்து உட்கார நாலு நாற்காலிக்கும் என்ன செலவாகிவிடும்? கழிப்பறை மாடியில் இருக்கிறதா என்பதையும் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் லஸ், மந்தைவெளிப் பக்கம் வழி மாற்றிவிட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்குக்கூட ஆட்டோ சுற்றித்தான் போகிறது, பெரியவர்களோடு கிளம்பினால் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு மேல் இந்தத் தோட்ட கஃபேக்களில் மேசை கிடைப்பது கஷ்டம். செவ்வாய், புதன் மதியம் போனால் வராந்தாவில் வேண்டிய இடம் கிடைக்கும். சித்தியைப் போன்றவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவைத்து, கீழ்த்தளத்தில் சாய்மானமுள்ள நாற்காலிதான் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் நிச்சயம் எடுத்துப் போடுகிறார்கள்.