ஃபோர்ரன்னர் 265, கோரோஸ் பேஸ் 3: டிரையத்லானுக்கு எது?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே வாட்சில் பதியவேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இரண்டே பெயர்கள்தான். கார்மின் ஃபோர்ரன்னர் 265, 2023 மார்ச்சில் 450 டாலருக்கு வந்தது. கோரோஸ் பேஸ் 3, அதே ஆண்டு ஆகஸ்டில் 229 டாலருக்கு வந்தது. இரண்டுக்கும் அடுத்த மாடல்கள் வந்துவிட்டாலும், கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் இன்றைக்கும் வாங்கத் தகுந்தவை. ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் ஜிபிஎஸ். இரண்டிலும் இரட்டை அலைவரிசை உண்டு. எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 என்ற இன்னொன்றையும் சேர்த்துப் பிடிப்பதால், கட்டடச் சுவரில் பட்டுத் தெறித்து வரும் பொய் சிக்னலை வாட்ச் ஒதுக்கிவிடுகிறது. எல்1 மட்டும் இருந்த என் பழைய வாட்சோடு அண்ணா சாலையில் ஓடிவிட்டு வந்து வரைபடத்தைப் பார்த்தால், கோடு ஒரு கட்டடத்துக்குள் புகுந்து பின்தெருவில் வெளியே வந்திருக்கும். அந்தத் தொல்லைக்கு இரண்டிலுமே மருந்து இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரை மாதிரி திறந்த வானம் என்றால் இரட்டை அலைவரிசையே தேவையில்லை, அணைத்துவிட்டுச் சார்ஜை மிச்சம் பிடிக்கலாம். கடல் நீச்சலில் இரண்டுக்கும் ஒரே குறை: தண்ணீருக்குள் சிக்னல் வராது. ஃப்ரீஸ்டைலில் கை மேலே வரும்போதெல்லாம் பிடித்துக்கொள்ளும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கை உள்ளேயே இருப்பதால் தூரம் தடுமாறும்.

ஆக, துல்லியத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. சார்ஜ் கதை வேறு.

அயர்ன்மேன் என்பது நெடுந்தூர டிரையத்லான். அதில் பாதியான அரை அயர்ன்மேன் என்றால் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். 2019 முதல் கோவாவில் நடக்கும் போட்டி இந்த அளவுதான். கடைசி ஆளுக்கும் எட்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு வாட்சும் தாராளமாகத் தாங்கும். முழு அயர்ன்மேனில் கால வரம்பு பொதுவாக 17 மணி நேரம். நிறுவனங்களே தரும் கணக்குப்படி, 265 இரட்டை அலைவரிசையில் 14 மணி நேரம் ஓடும். இடத்துக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும் முறையில் 16, வெறும் ஜிபிஎஸ்ஸில் 20. பேஸ் 3 இரட்டை அலைவரிசையில் 15, எல்லாச் செயற்கைக்கோள் அமைப்புகளையும் பிடிக்கும் முறையில் 25, வெறும் ஜிபிஎஸ்ஸில் 38. நடுராத்திரியில் முடிவுக் கோட்டைத் தொடப்போகிறவருக்கு 265-இல் வெறும் ஜிபிஎஸ்ஸில்கூட மூன்று மணி நேரம்தான் உபரி, அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போது. இரண்டு வருடம் கழித்து அந்த மூன்று மணி நேரத்தை நம்பி நான் தண்ணீரில் இறங்கமாட்டேன்.

இதில் திரைக்கும் பங்கு உண்டு. 265-இல் இருப்பது அமோலெட், அதாவது தானே ஒளிரும் திரை, கொள்ளை அழகு. விடியற்காலை நாலரை மணிக்கு ஓடக் கிளம்பும்போது எழுத்து பளிச்சென்று தெரியும். வெளி வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் பேஸ் 3-இன் திரை அந்த நேரத்தில் மங்கல்தான், விளக்கைப் போட்டாகவேண்டும். ஆனால் காலை பத்து மணிக்கு ஈசிஆரில் சைக்கிளில் குனிந்து, முழங்கைகளைக் கம்பியில் ஊன்றிப் போய்ப் பாருங்கள். வெயில் ஏற ஏற பேஸ் 3-இன் எழுத்து அச்சிட்ட காகிதம்போல் தெளியும். அமோலெட் திரை மணிக்கட்டைத் திருப்பினால்தான் முழுதாக எரியும், அந்த நிலையில் கையைத் திருப்ப முடியாது. திரையை எப்போதும் எரியவிட்டால் சார்ஜ் இன்னும் வேகமாக இறங்கும்.

பட்டன் விஷயத்தில் கார்மின் பக்கம் நிற்பேன். தொடுதிரை இரண்டிலும் உண்டு, ஆனால் வியர்வையில் நனைந்த விரலுக்கு அது உதவாது. 265-இல் ஐந்து பட்டன்கள். ஒன்றுக்கு ஒரு வேலை, பார்க்காமலே அழுத்தலாம். பேஸ் 3-இல் திருகுகிற குமிழ் ஒன்றும் ஒரு பட்டனும் மட்டும். பழக ஒரு வாரம் ஆகும்.

வாங்குமுன் சைக்கிளில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கருவிகளையும் பாருங்கள். பேஸ் 3 புளூடூத் மட்டுமே பேசும். ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு மட்டும் உள்ள பழைய பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருந்தால் அது இணையவே இணையாது. கார்மினில் இரண்டும் இணையும். பாட்டு வேண்டுமா? 265-இல் ஸ்பாட்டிஃபை பட்டியலை இறக்கிக்கொள்ளலாம், பேஸ் 3-இல் எம்பி3 கோப்புகளை நாமே ஏற்றவேண்டும். தூக்கம், இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம், பயிற்சிச் சுமை எல்லாவற்றையும் கூட்டி இன்று உடம்பு தயாரா என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவதும் கார்மினின் பலம். பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பழகுகிறவருக்கு அது நல்ல துணை.

சரி, நான் எதைச் சொல்வேன்? பேஸ் 3-ஐத்தான். மிச்சப் பணத்தில் முதல் வேலையாக இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் வெளிச்சம் பாய்ச்சி நாடி பார்க்கும் முறை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பயிற்சிகளில் இரண்டு வாட்சிலுமே சற்றுப் பின்தங்கும். பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. ஆன்ட் பிளஸ் பவர் மீட்டர் இருப்பவர்களும், வாட்சிலேயே ஸ்பாட்டிஃபை வேண்டுமென்பவர்களும் 265-க்குப் போகலாம். சின்ன மணிக்கட்டுக்காரர்கள் அதில் 265எஸ் என்று கேட்டு வாங்குங்கள், 39 கிராம்தான். நைலான் கைப்பட்டையோடு பேஸ் 3 வெறும் 30 கிராம்.