வக்கீல் குமாஸ்தாவா, சென்னை நிறுவனமா, சட்டத் தன்னார்வலரா: இராமநாதபுரக் கரையில் சட்டத் துணைப்பணியும் அதன் வருமானமும்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்குப்படி, அந்நாட்டுப் பாராலீகல்களின், அதாவது வக்கீலுக்குத் துணையாக ஆவணம், மனு வேலைகளைச் செய்பவர்களின், ஆண்டு ஊதியத்தின் இடைநிலை 2024 மே மாதத்தில் 61,010 டாலராக இருந்தது. இதை ரூபாயாக்கிப் பார்த்து, இங்கே சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்ட நினைக்கும் பிள்ளைகள் ஒரு வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும். அங்கே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் பல அலுவலகங்கள், பாராலீகல் செலவிட்ட நேரத்தையும் தனியே கணக்கிட்டுக் கட்சிக்காரரிடம் வசூலிக்கின்றன. நம் ஊர் நீதிமன்றங்களில் பெரும்பாலும் வழக்குக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவதால், துணைப்பணியாளரின் உழைப்பு வக்கீல் ஃபீஸுக்குள் கரைந்துபோகிறது. ஆகவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், யார் எதற்காகத் தருகிறார் என்று கேட்பதே பயன் தரும்.

இராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, இராமேஸ்வரம் நீதிமன்றங்களில் இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவர் வக்கீல் குமாஸ்தா. மாதச் சம்பளம் அவர் வருமானத்தில் ஒரு பகுதிதான். குமாஸ்தா ஃபீஸ், நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கித் தருவதற்கும் பேட்டா எனப்படும் நீதிமன்றக் கட்டணத்தைக் கட்டிச் சம்மன் அனுப்ப வைப்பதற்கும் கட்சிக்காரர் கொடுக்கும் தொகை ஆகியவை சேர்ந்துதான் அவர் வீட்டை நடத்துகின்றன. எனவே வக்கீலின் பெயரைவிட, அவரிடம் எந்த வகை வழக்கு வருகிறது என்பதே வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு விபத்தின் இழப்பீட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இன்சூரன்ஸ் பாலிசி, ஓட்டுநர் உரிமம் என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்திலிருந்து திரட்டி கேஸ் கட்டு சேர்ப்பவர் குமாஸ்தா. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்தாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டதால், விரைந்து திரட்டத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் இத்தகைய வழக்குகளில் இழப்பீடு கைக்கு வரும் வரை கட்சிக்காரரிடம் பணம் இருப்பதில்லை. குமாஸ்தாவும் உடன் காத்திருக்கிறார். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் நிறைந்த கீழக்கரையிலோ, பவர் பத்திரம், வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினை போன்ற சொத்துக் காரியங்களுக்கு உடனுக்குடன் பணம் கிடைக்கிறது. இரண்டும் ஒரே உழைப்புதான் என்றாலும் வருமானம் ஒன்றாக இருப்பதில்லை.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; அதற்கு நடுவிலேயே உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மே மாத விடுமுறை. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் கட்சிக்காரர்களை நம்பியிருக்கும் குமாஸ்தாவுக்கு வாய்தாவும் இல்லை, வரவும் இல்லை. சம்பளம் பேசும்போதே மே மாதத்துக்கும் சேர்த்துப் பேசாதவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

சென்னையில் வெளிநாட்டு அலுவலகங்களுக்காக ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் நிறுவனங்களில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் வருங்கால வைப்பு நிதி உண்டு. முதலாளி தன் பங்காகப் பொதுவாக 12 விழுக்காடு செலுத்த வேண்டும். இரண்டு மூன்று பேர் இருக்கும் வக்கீல் அலுவலகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. சென்னை நிறுவனங்களில் சம்பளத்தை உயர்த்துவது ஆங்கிலத்தில் பிழையின்றி வேகமாக வாசிக்கும் திறனும், காப்புரிமை, கம்பெனிச் சட்டம் போன்ற ஒரு துறையில் ஊன்றி நிற்பதும்தான். சென்னை வாடகையையும் சில இடங்களில் இரவுப் பணியையும் கழித்துப் பார்த்தால், முதல் இரண்டு ஆண்டுகளில் ஊரில் இருப்பவரைவிடப் பெரிதாக மிஞ்சாது என்பதே என் மதிப்பீடு. அதற்குப் பிறகு சென்னை முந்திவிடும். இந்தியாவில் பாராலீகல் என்று வேலை செய்ய அரசு உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், அதிகக் கட்டணம் கேட்கும் சான்றிதழைவிட, தமிழ், ஆங்கிலத் தட்டச்சில் முதுநிலைத் தேர்ச்சியும் மனுக்களை இணையத்தில் மின்வழித் தாக்கல் செய்யும் பழக்கமும் இராமநாதபுரத்தில் கூடுதல் சம்பளத்துக்கு வழி செய்யும்.

மக்களுக்குச் சட்ட உதவி கிடைக்க வழிகாட்டும் சட்டத் தன்னார்வலர் பணி மூன்றாவது வழி; அதை இவற்றோடு ஒரே தட்டில் வைப்பது தவறு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009இல் கொண்டுவந்த திட்டம் இது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும். பணி ஒதுக்கப்பட்ட நாளுக்கு மதிப்பூதியம் மட்டும் உண்டு, மாதச் சம்பளம் கிடையாது. இதை நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. ஆயினும் ஊரைவிட்டுப் போக முடியாத பெண்களுக்குச் சட்டத்தோடு பழக இதைவிட நல்ல வாசல் இங்கே இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற படகை மீட்க, உரிமையாளர் அந்நாட்டு நீதிமன்றத்தில் தம் உரிமையை நிறுவ வேண்டியிருக்கிறது. படகின் பதிவுச் சான்று, அடையாள ஆவணங்கள், மனு என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தரத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் தேவை. அந்த வேலைக்கு ஆகும் நாள்களையும் பணி நாளாகவே கணக்கிட்டு, இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு வந்துபோகும் பேருந்துச் செலவையும் சேர்த்து மதிப்பூதியம் தந்தால், இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கே நிச்சயம் பெருகுவார்கள்.