தேதி கேட்காத இலவச ஆலோசனை: ஒரு வாட்ஸ்அப் குழுவின் அனுபவம்

நான் இருக்கும் சட்ட ஆலோசனைக் குழுவில் தன்னையும் சேர்த்துவிடச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்கிறார். வருடக்கணக்காக அதில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில விஷயங்களில் அது தங்கம்தான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம் என்று அங்கிருந்த ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லையை எங்கே ஒட்டுவது என்பதைக்கூடப் பொறுமையாக விளக்குவார்.

என் கோபமெல்லாம் ஒன்றில்தான்: யாரும் தேதி கேட்பதில்லை. செக் திரும்பிவிட்டது என்று ஒருவர் எழுதினால் போதும், 'கவலை வேண்டாம், கேஸ் நிற்கும்' என்று பதில்கள் குவியும். செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ என்றைக்குக் கைக்கு வந்தது? செக் வழக்குக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவுக்கு அதுதானே உயிர்! தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது எதிராளிக்குக் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கோரலாம். நோட்டீஸுக்கு அந்தச் சலுகை இல்லை. செக்கின் மூன்று மாத ஆயுள் மீதமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் பார்க்கலாம். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டிருக்கிறது. அந்த ஆயுளும் அரட்டையிலேயே கழிந்தால்?

போன மாதம் ஒரு கடைக்காரர், கணக்கு எண் தெரிய மெமோவைப் படமெடுத்துப் போட்டார். போதாததற்கு, 'செக்கை ஈடாகத்தான் வாங்கி வைத்திருந்தேன், தேதி நான் போட்டது' என்று ஒரு வரி. அதனாலேயே வழக்கு செத்துவிடாது. ஆனால் எதிராளியின் உறவினரும் அதே குழுவில் இருக்கிறார். குறுக்கு விசாரணைக்கு வாழையிலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. வக்கீலிடம் சொன்னதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, ஊரே படிக்கும் இடத்தில் எழுதியதற்கு ஏது?

சொல்பவருக்கும் சுகமில்லை. யாரோ ஒருவருடைய வழக்கு தள்ளுபடியானதற்கு அந்த ஊழியரைத் தொலைபேசியில் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். இப்போது எதைக் கேட்டாலும் 'வக்கீலைப் பாருங்கள்' என்பதோடு சரி.

இலவசம்தான் வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். குழுவில் இதை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

குழுவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஊழியர் மறுபடி வாய் திறந்தால் அதை நாலாக்குவேன்.