200 என்று எழுதி 88-ஐ விற்றார்கள்: மோட்டார்ஹோமுக்கு லித்தியம் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) லித்தியம் பேட்டரி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்கு 90 ஆயிரம் போய்விட்டது. பேட்டரி என்று அனுப்பிய பெட்டியைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. வாங்கும்முன் எதைக் கேட்க வேண்டும், வந்தபின் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதையெல்லாம் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டி வேலைகளை நானே பார்த்துக்கொள்பவன். கூரை மூட்டுக்கு சீலன்ட் பூசுவது, தண்ணீர் பம்ப் மாற்றுவது, வயரிங் எல்லாம் என் கைவேலைதான். வண்டிக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டும் ஹவுஸ் பேட்டரியாக, லெட்-ஆசிட் வகையான ஏஜிஎம் இரண்டு இருந்தன, ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-அவர் (எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்ற அளவு, அதாவது கெபாசிட்டி). இரண்டும் காலாவதி. லெட்-ஆசிட் வகையை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் மளமளவென்று குறையும். அதனால் 200 இருந்தாலும் கைக்கு வருவது 100 தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதத்துக்கு மேலேயே தைரியமாக எடுக்கலாம், எடையும் ஏறக்குறைய பாதி. மோட்டார்ஹோமில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் மாறலாம் என்று முடிவெடுத்தேன்.

தனித்தனி விற்பனையாளர்கள் கடை போட்டு விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் வாங்கினேன். பெயர் சொல்லவில்லை. "12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர், 2,560 வாட்-அவர், ஏ கிரேடு புது செல், 200 ஆம்பியர் பி.எம்.எஸ்., குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு, 5 வருட வாரண்டி" என்று போட்டிருந்தார்கள். பி.எம்.எஸ். என்பது செல்களைக் கண்காணித்து, அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டும் போர்டு. நட்சத்திரங்கள் நிறைய. படங்கள் பளபளவென்று இருந்தன. அதற்காக மட்டும் வாங்கிவிடவில்லை. விற்பவரிடம் பேசினேன்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கவிழ்த்தது. "சார், நானும் குடும்பத்தோட வண்டியிலதான் சுத்தறேன், என் வண்டியிலயும் இதேதான் ஓடுது" என்று தன் வண்டிக்குள்ளே எடுத்த படத்தை அனுப்பினான். அதோடு விட்டானா? "இன்வெர்ட்டர் எத்தனை வாட்? கேபிள் என்ன தடிமன்? பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டிருக்கீங்களா? வண்டி ஆல்டர்னேட்டர்ல இருந்து நேரா சார்ஜ் கொடுக்காதீங்க, டிசி-டிசி சார்ஜர் இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டான். அத்தனையும் சரியான கேள்விகள். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. நேரடியாகக் கொடுத்தால், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தன் சக்தி முழுவதையும் கொட்டிக் கொட்டிச் சூடேறிக் கருகிவிடும். நடுவில் நின்று அளவாகக் கொடுப்பதுதான் டிசி-டிசி சார்ஜர். வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்விகளை அவன் கேட்டான். டிசி-டிசி சார்ஜர் இருக்கிறது என்றதும், "அப்ப கவலையே இல்ல சார், இண்டக்ஷன் அடுப்பே போடலாம்" என்றான்.

எடை எவ்வளவு என்று கேட்டேன். 13 கிலோ என்றான். 200 ஆம்பியர்-அவருக்கு 20 கிலோவாவது வருமே என்று கேட்டதற்கு, "அது பழைய செல் சார். இது புது ஜெனரேஷன், எடை கம்மி. அதுக்குத்தானே இந்த விலை" என்றான். கொஞ்சமும் வாய் கூசவில்லை. உடனே ஒரு வீடியோவும் வந்தது. டெர்மினலில் மல்டிமீட்டர், 13.3 வோல்ட். "ஃபுல் கெபாசிட்டி, பாருங்க சார்." மீட்டரில் 13.3 தெரிவதற்கும் கெபாசிட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்பதை வைத்துத் தொட்டி பெரியதா சின்னதா என்று சொல்ல முடியுமா? தெரிந்தேதான் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறான். 90 ஆயிரத்தையும் மொத்தமாகக் கட்டினேன்.

வந்தது. மாட்டினேன். சார்ஜர் செட்டிங்கை லித்தியத்துக்கு மாற்றினேன், 14.4 வோல்ட். பகலில் சோலார் இருக்கும்வரை எல்லாம் சுகம். மேகமூட்டமான ஒரு நாளில்தான் குட்டு வெளிப்பட்டது. கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், பம்ப், விளக்கு, லேப்டாப், அவ்வளவுதான் ஓடியது. நிஜமான 200 என்றால் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தள்ள வேண்டும். விடியும்முன் மொத்த வண்டியும் அணைந்துவிட்டது. படுக்கும்போதுகூட மீட்டர் 13-க்கு மேல் காட்டியது. லித்தியத்தின் வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று சரியும் என்பதால் முன்கூட்டி ஒரு சமிக்ஞையும் கிடைக்காது.

முதலில் வயரிங்கைத்தான் சோதித்தேன். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, திருட்டுத்தனமாக ஏதாவது மின்சாரம் இழுக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. லோடு கொடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வோல்டேஜ் இழப்பு பார்த்தேன். இல்லை. கேபிள் முனையிலுள்ள லக், ஃபியூஸ் ஹோல்டர் எதுவும் சூடாகவில்லை. பிறகு இண்டக்ஷன் அடுப்பை வைத்தேன். 1,500 வாட் என்றால் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து சுமார் 130 ஆம்பியர் இழுக்கும். அடுப்பு சூடாவதற்குள் பி.எம்.எஸ். வெட்டிவிட்டது. 200 ஆம்பியர் பி.எம்.எஸ். என்று லேபிளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அப்புறம்தான் கெபாசிட்டி டெஸ்ட். பேட்டரியை முழுக்க ஏற்றி, ஏறும் மின்சாரம் 10 ஆம்பியருக்குக் கீழே வரும்வரை 14.4-லேயே பிடித்துவைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு, ஷண்ட் (போகும் மின்சாரத்தை அளக்கும் கருவி) வழியாக 20 ஆம்பியர் நிலையான லோடு கொடுத்தேன். 200 என்றால் 10 மணி நேரம் ஓட வேண்டும். நாலரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஷண்ட் காட்டியது 88 ஆம்பியர்-அவர். மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கினேன். அதே கதைதான். பாதிக்கும் குறைவான சரக்குக்கு 90 ஆயிரம்!

விற்பவனைக் கூப்பிட்டேன். "பேட்டரி பழகணும் சார். ஏழெட்டு தடவை ஏத்தி இறக்குங்க, கெபாசிட்டி தானா வந்துரும்." சுத்தப் பொய். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் பாதி கெபாசிட்டி ஒளிந்திருந்து பிறகு வெளியே வருவதெல்லாம் கிடையாது. அடுத்த முறை, "உங்க சார்ஜர் சரியில்ல." சார்ஜர் செட்டிங்கைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கடுத்து, "ஷண்ட்ட காலிபரேட் பண்ணுங்க." கிளாம்ப் மீட்டரும் ஷண்ட்டும் ஒரே அளவைக் காட்டும் வீடியோவை அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. வாங்கும்முன் நள்ளிரவிலும் பதில் போட்ட அதே ஆள்தான் இவன்!

இவன் இழுத்தடித்ததெல்லாம் எதற்காக என்று பிறகுதான் புரிந்தது. திருப்பி அனுப்பும் காலக்கெடு ஓடிக்கொண்டிருந்தது. "பழகட்டும்" என்று சொன்னதே அதற்காகத்தான்.

ஆன்லைன் சந்தையின் வாடிக்கையாளர் சேவையிடம் போனேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." பழுதைக் காட்டும் படம் கேட்டார்கள். இல்லாத ஆம்பியர்-அவரை எப்படிப் படம் பிடிப்பது? ஷண்ட்டின் படத்தை அனுப்பினேன். அது வெளியார் கருவி, ஏற்க முடியாது என்றார்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் அறிக்கை வேண்டுமாம். அந்த பிராண்டுக்கு சர்வீஸ் சென்டரே எங்கும் இல்லை, இருந்தால் முகவரி கொடுங்கள் என்று கேட்டேன். புகாரை முடித்துவிட்டார்கள். மறுபடி திறந்தேன். வேறொருவர் வந்து முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார். "பொருள் இயங்குகிறதா? இயங்குகிறது என்றால் இது பழுதான பொருள் பிரிவில் வராது" என்றார். 200 என்று எழுதி 88 கொடுப்பதற்கு அவர்களிடம் பிரிவே இல்லை.

மன்றாடிய பிறகு, சரி, உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்று இறங்கி வந்தார்கள். அதிலும் ஒரு பூட்டு இருக்கிறது. லித்தியம்-அயான் பேட்டரி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டும் இதில் ஒரு வகைதான்) சரக்குப் போக்குவரத்தில் யு.என். 3480 என்ற எண்ணில் வரும் 9-ஆம் வகுப்பு ஆபத்தான சரக்கு. 2016-லிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காகவே ஏற்றக்கூடாது. முறையான பேக்கிங், லேபிள், ஆவணம் இல்லாமல் சாதாரண கூரியரில் வாங்க மாட்டார்கள். நான் போன இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். இதைச் சொன்னால், "குறித்த தேதிக்குள் பொருள் வந்து சேரவில்லை, கோரிக்கை ரத்து" என்று மின்னஞ்சல் வந்தது. 90 ஆயிரம் வாங்கும்போது அதே பெட்டி எந்த ஆவணத்தில் என் வாசலுக்கு வந்தது? கேட்டேன். பதில் இல்லை. நான் எழுதிய விமர்சனத்தையும் "விதிமுறைக்குப் புறம்பானது" என்று தூக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் நட்சத்திரங்கள் எப்படிக் குவிந்தன என்று இப்போது தெரிகிறது.

எல்லாக் கதவும் மூடிய பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பாதிப் பெட்டி ஸ்பாஞ்ச். அதற்கு நடுவில் நான்கு செல்கள். 280 ஆம்பியர்-அவர் செல் என்றால் ஒன்றே 5 கிலோவுக்கு மேல் இருக்கும். 100 ஆம்பியர்-அவர் செல் சுமார் 2 கிலோதான். இங்கே இருந்தவை அந்தச் சின்ன அளவு. நீல உறை புதிது, உள்ளே செல் பழசு. டெர்மினலில் பழைய வெல்டிங்கைத் தேய்த்து எடுத்த தழும்பு. செல்லின் தயாரிப்பு விவரம் இருக்கும் கியூ.ஆர். கோடைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு செல் வயிறு ஊதியிருக்கிறது. லோடு கொடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். மற்ற மூன்றும் 3.1-க்கு மேல் நிற்கும்போதே அந்த ஒன்று 2.5-க்கு விழுந்துவிடுகிறது. பலவீனமான ஒரு செல் இறங்கினாலே பி.எம்.எஸ். மொத்தத்தையும் வெட்டும். பி.எம்.எஸ். போர்டில் அச்சடித்திருப்பது 100 ஆம்பியர். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்பு? வெப்பநிலை பார்க்கும் சென்சார் வயரே இல்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது இந்தக் கடைசி விஷயத்தில்தான். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்த வகை செல்லுக்கு சார்ஜ் ஏற்றினால் ஆனோடின் (செல்லுக்குள் இருக்கும் நெகட்டிவ் தகடு) மேல் லித்தியம் உலோகமாகப் படியும். செல் நிரந்தரமாகக் கெடும், உள்ளேயே ஷார்ட் ஆகவும் வழி உண்டு. மலைப்பக்கம் வண்டியை நிறுத்திக் குழந்தைகளோடு தூங்குகிறவர்கள் அந்த லேபிளை நம்பித்தான் படுப்பார்கள். அவர்கள் தலைமாட்டில் இருக்கும் பெட்டி இது. பணத்தை ஏமாற்றியதைவிட இது பெரிய குற்றம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக இவ்வளவு: எடையைக் கேளுங்கள், 200 ஆம்பியர்-அவருக்கு 20 கிலோவை ஒட்டி வரவில்லை என்றால் பேச்சையே நிறுத்துங்கள். வோல்டேஜ் வீடியோவை நம்பாதீர்கள், டிஸ்சார்ஜ் டெஸ்ட் வீடியோ கேளுங்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து தராசில் வைப்பதுவரை வீடியோ எடுங்கள். வண்டியில் மாட்டும் முன்பே, வந்த அன்றே கெபாசிட்டி டெஸ்ட் செய்யுங்கள். "பழகட்டும்" என்று எவன் சொன்னாலும் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். திருப்பி அனுப்பும் செலவும் ஆபத்தான சரக்கு ஆவணமும் யார் பொறுப்பு என்பதைப் பணம் கட்டும்முன் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த விளம்பரம் இன்று காலைவரை ஓடிக்கொண்டிருக்கிறது, விலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே இப்படி எடை குறைந்த பேட்டரி வாங்கி மாட்டியிருப்பவர்கள் இன்றே கழற்றித் தராசில் வையுங்கள். எடை குறைவாக இருந்தால் அதற்கு சார்ஜ் ஏற்றாதீர்கள், வண்டிக்குள்ளே வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். உறை ஊதியிருந்தால் டெர்மினல் இரண்டையும் தனித்தனியாக டேப் சுற்றி, தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெளியே வையுங்கள். வாங்கிய ரசீது, பேச்சின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். நான் நுகர்வோர் புகாருக்கு எல்லாவற்றையும் கோர்த்துக்கொண்டிருக்கிறேன், 90 ஆயிரத்தையும் விடுவதாக இல்லை.